தள்ளாத வயதில் தாங்க வேண்டியவர் யார்?
(பழனிசெட்டிபட்டி பள்ளிவாசலில் ஆற்றிய ஜும்ஆ உரையின் சுருக்கம்)

 

பெற்றோர் முதுமையடைந்தால் அவர்களிடம் சலிப்பின் சொல்லையும் காட்டலாகாது எனத் திருக்குர்ஆன் (17:23) தடுக்கிறது. அம்முதுமை "உம்மிடத்தில்" வருவதாகவே இறைவன் கூறுவதைக் கவனியுங்கள். பெற்றோரின் இடம் பிள்ளைகளின் அருகாமையே.

இன்று நடப்பதென்ன? உளூச் செய்யவும் உடை மாற்றவும் பிறர் கை தேவைப்படும் பெரியவருக்கு மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார். இரவும் பகலும் விழித்திருப்பவரோ மருமகள். பெற்றோரைப் பேணும் கடமையை மார்க்கம் பிள்ளைகள் மீதே விதித்துள்ளது. மருமகள் செய்வது உபகாரம். ஆகவே பிள்ளைகள் முறை வைத்துக் கவனியுங்கள். இயலாதோர் ஊதியம் கொடுத்து உதவியாளரை அமர்த்துங்கள். படுக்கையிலிருப்போருக்கு வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சை, 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு.

ஆதரவற்றோருக்கு முதியோர் இல்லம் அடைக்கலமே. அதை இழிவாகப் பேசாதீர்கள். ஆனால் பிள்ளைகளுள்ளோர் வேறு வழியின்றிச் சேர்த்தாலும் கடமை அதன் வாசலோடு முடிவதில்லை. தொழுகைக்கு வசதி, ஹலாலான உணவு ஆகியவற்றை விசாரித்து, அடிக்கடி சென்று பாருங்கள்.

கைவிடப்பட்ட பெற்றோர், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரியகுளம் கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கோரலாம். பராமரிக்கும் நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தையும், பராமரிப்பு மறுக்கப்பட்டால், மீட்கக் கோரலாம். உதவி எண் 14567.

அந்நிலை வருமுன், எழ இயலாத பெரியவர்களின் பட்டியலை நம் மஹல்லாவில் தயாரிப்போம். வாரம் ஒருமுறை இளைஞர்கள் அவர்கள் அருகிலிருந்து, பராமரிப்போருக்குச் சில மணி நேர ஓய்வு தரட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்குக் கிருபை செய்வானாக! ஆமீன்.