கப்பல் வாசலுக்கு வருமா?



'நாட்டின் சரக்கைச் சுமக்க ஏற்றது சாலையா, கடலா?' என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "லாரி என் வீட்டு வாசலுக்கு வரும். உங்க கப்பல் வருமாம்மா?" நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, கப்பல் வாசலுக்கு வந்தா நாம வீட்டுக்குள்ள இருக்க முடியாது. மொட்டை மாடியிலதான் குடித்தனம் நடத்தணும்! (சிரிப்பு)

அவர் வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். தேர் கடலில் ஓடாது, கப்பல் நிலத்தில் ஓடாது என்று வள்ளுவரே சொல்லிவிட்டார் என்றார். நடுவர் அவர்களே, அந்தக் குறள் இருக்கும் அதிகாரம் எது? இடனறிதல்! எது எங்கே ஓட வேண்டுமோ, அது அங்கே ஓடட்டும் என்பதுதான் அதன் பொருள். கரை பக்கத்திலேயே இருக்கும்போது இரண்டாயிரம் கிலோமீட்டர் லாரியிலேயே கொண்டு போ என்று வள்ளுவர் எந்த அதிகாரத்திலும் சொல்லவில்லை. (கைதட்டல்)

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு லிட்டர் எரிபொருளில் ஒரு டன் சரக்கை எவ்வளவு தூரம் கொண்டு போகலாம்? உள்நாட்டு நீர்வழித் துறையினர் சொல்லும் கணக்கு இது. சாலையில் 24 கிலோமீட்டர். ரயிலில் 85. தண்ணீரில் 105. தண்ணீர் நமக்காகப் பாதி பாரத்தைச் சுமக்கிறது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நாட்டின் சரக்கில் நூற்றுக்கு எழுபது பங்கைச் சாலையின் தலையில் கட்டிவிட்டு, கடலை வேடிக்கை பார்க்கச் சுண்டல் பொட்டலத்தோடு போகிறோம். (சிரிப்பு)

நடக்கிற காரியமா என்கிறீர்களா? உங்கள் வீட்டில் எரிகிற விளக்கைக் கேளுங்கள். ஒடிசாவில் தால்சேர் சுரங்கத்தில் வெட்டிய நிலக்கரி, ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வருகிறது. அங்கிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இந்த வேலைக்காகவே தமிழ்நாடு அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனீர்களே, அந்தப் படகை விடுவதும் அதே கழகம்தான். அதன் நிலக்கரிக் கப்பல்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ்! (பலத்த கைதட்டல்)

தூத்துக்குடிக்கு வரும் நிலக்கரிக் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். அப்படிச் சுற்றியும் இத்தனை ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. ஐம்பதாயிரம் டன் கப்பல் ஒன்றை லாரியில் இறக்கிப் பாருங்கள். லாரிக்கு 25 டன் என்றால் 2,000 லாரி. ஒரு லாரிக்கு இருபது மீட்டர் இடம் என்றால் நாற்பது கிலோமீட்டர் வரிசை. வால் தூத்துக்குடியில் இருந்தால் தலை திருநெல்வேலியை நெருங்கிவிடும். அல்வா வாங்கப் போனவன் திரும்பி வர முடியாது! (சிரிப்பு)

"இவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாரும் கப்பலுக்குப் போகலை?" என்று இந்த அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். லாரியில் ஒரு தடவை ஏற்றி, ஒரு தடவை இறக்கினால் வேலை முடிந்தது. கப்பலுக்கு முதலில் லாரியில் ஏற்றணும், துறைமுகத்தில் இறக்கணும், கப்பலில் ஏற்றணும், அந்தக் கரையில் இறக்கணும், மறுபடி லாரியில் ஏற்றணும். கடலில் மிச்சம் பிடித்த காசு கரையில் கரைந்துவிடுகிறது. குஜராத்தில் மோர்பியிலிருந்து தரை ஓடு கண்டெய்னரில் தென்னாட்டுக்குக் கப்பலில் வருகிறது. திரும்பிப் போகச் சரக்கு கிடைக்காவிட்டால் காலி டப்பாவுக்கும் வாடகை யார் தருவது?

ஆகவே கடல் தானாக ஜெயிக்காது, நடுவர் அவர்களே. அரசு கை கொடுத்தால்தான் ஜெயிக்கும். சாலையைப் போட்டது அரசுதானே? அந்த நியாயம் கடலுக்கும் வேண்டாமா? கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. பெரிய துறைமுகங்களில் கரையோரச் சரக்குக்குக் கட்டணச் சலுகை தந்தார்கள். 2014இல் கரையோரக் கப்பலுக்கு முன்னுரிமையில் இடம் கொடுக்கச் சொன்னார்கள். ஜி.எஸ்.டி. வந்தபோது 18 சதவீதமாக இருந்த கப்பல் எண்ணெய் வரியை 5 ஆக்கினார்கள். 2025இல் கரையோரக் கப்பல் போக்குவரத்துக்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுக்குள் தேசியத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். காகிதத்தில் கப்பல் விடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். தண்ணீரிலும் விட வேண்டும்! (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக, எதிரணியினர் கண்ணீர் வரப் பேசினார்கள். கப்பலில் சரக்குப் போனால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரிக்காரர்கள் பிழைப்பு என்னாகும் என்று கேட்டார்கள்.

ஐயா, நான் லாரி டிரைவர் மகள். (கைதட்டல்)

எங்கப்பா திருச்செங்கோட்டிலிருந்து குஜராத் லைன் ஓட்டினார். போக ஒரு வாரம், லோடுக்குக் காத்திருக்க நாலு நாள், வர ஒரு வாரம். எனக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள் அப்பா வந்து நின்றாராம். அம்மா, "யாரு வந்திருக்காங்க பாரு கண்ணு" என்றாராம். நான் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "லாரி மாமா" என்றேனாம். வீடே சிரித்தது என்று அம்மா சொல்வார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. (அவையில் அமைதி)

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரை விட்டார்கள். எல்லாம் லாரியால் அல்ல. ஆனால் அப்பா வண்டியெடுத்த ஒவ்வொரு நாளும் அம்மா தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது எனக்குத் தெரியும்.

கப்பல் வந்தால் லாரி வேலை போகாது, ஐயா. இரண்டு கரையிலும் லாரி இல்லாமல் கப்பலுக்கு வேலையே கிடையாது. குஜராத்தில் 2020 முதல் ஹசீராவுக்கும் கோகாவுக்கும் நடுவே வளைகுடாவில் ஒரு கப்பல் போகிறது. லாரியே அதில் ஏறிக்கொள்கிறது. சாலையில் 370 கிலோமீட்டர், கடலில் 90. பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாச்சு. அந்த நாலு மணி நேரமும் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கால் நீட்டலாம். எங்கப்பாவுக்கு அந்த நாலு மணி நேரம் கிடைக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கடன் வாங்கி வண்டி எடுத்தவரை ஒரே நாளில் நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது. நீண்ட தூர லோடு குறையும்போது, துறைமுக வேலையில் முதல் உரிமை அவருக்கே என்று அரசு சொல்ல வேண்டும். அது கொள்கையில் இல்லையென்றால், நானே எதிரணிப் பக்கம் வந்து உட்காருவேன். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நடுவழியைக் கப்பலுக்குக் கொடுங்கள். கரைகளை லாரிக்குக் கொடுங்கள். காலையில் போன டிரைவர் ராத்திரி வீடு திரும்பட்டும். அவர் பிள்ளை அவரை "அப்பா" என்றே கூப்பிடட்டும்.

சரக்குக்கு ஏற்றது கடலே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)