காத்திருக்கும் தாயோடு



திருவருகைக் காலத்தில் நாம் காத்திருக்கக் கற்கிறோம். முதல் பிள்ளையைச் சிசேரியனில் பெற்ற தாய், இரண்டாவதாவது சுகப்பிரசவமாகட்டும் என்று வலிக்காகக் காத்திருக்கிறார். நம் காளவாசல் வீடுகளிலோ, “நல்ல நேரம் பார்த்து ஆபரேஷன் செய்துவிடலாம்” என்று அவசரப்படுகிறோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவையால் நடந்தவை.

மருத்துவர் பரிசோதித்துச் சம்மதித்தால், முயலும் தாய்மாரில் நான்கில் மூவர் வரை இயல்பாகவே பெறுகிறார்கள். ஆனாலும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குக் கருப்பையின் பழைய தழும்பு பிரிந்துவிடலாம். ஆகவே வலி கண்டதும் வீட்டில் தாமதிக்காமல், உடனே அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். விழிப்போடு காத்திருப்பதும் விசுவாசமே.

எலிசபெத்தோடு அன்னை மரியா ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. நாமும் காத்திருக்கும் தாய்க்கு அச்சமூட்டாமல், அவசரப்படுத்தாமல் துணையிருப்போம். முடிவில் மறுபடியும் அறுவை தேவைப்பட்டால், “உன்னால் முடியவில்லையே” என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். எவ்வழியில் வந்தாலும் பிள்ளை இறைவனின் கொடை. ஆமென்.