துணை நிற்கும் வித்தை

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவியாளர்களாகப் பணிபுரியும் தகுதி பெற்று இன்று சான்றிதழ் வாங்க வந்திருக்கும் மாணவ மாணவியரே,

தர்மபுரி மண்ணில் நின்று உங்கள் தொழிலைப் பற்றிப் பேசப் புகும் ஒருவனுக்குப் பாப்பாரப்பட்டியின் நினைவு வராமல் இராது. 1908-இல் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறை புகுந்து, அங்கே குஷ்டநோய்க்கு ஆளாகி, விடுதலையான பின்பு அந்த நோயையே காரணம் காட்டி ரயிலில் ஏறலாகாதென்று அந்நிய அரசாங்கம் தடுத்தபோதும் சோர்ந்துவிடாமல், கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று தேசபக்தியைப் பிரசங்கித்த சுப்பிரமணிய சிவா, பாரதமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டுமென்ற மனோரதத்தோடு வந்து தங்கியதும், 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டுவித்ததும், 1925 ஜூலை 23 அன்று உயிர் நீத்ததும் அந்தச் சிற்றூரில்தான். அவருடைய தியாகத்தை நாம் போற்றுகிறோம்; போற்றத்தான் வேண்டும். ஆனால் தேகம் நலிந்திருந்த அந்த மனிதருக்கு விடியற்காலையில் வண்டி பூட்டியவர் யார், புண்களைக் கழுவித் துணி சுற்றியவர் யார், மேடைப்படி ஏறும்போது தோள் கொடுத்தவர் யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. அப்படிச் சிலர் கூட இருந்திராவிட்டால் அந்தப் பிரயாணங்கள் நடந்திரா. "நோயாளிக்கு எதற்கு இந்த அலைச்சல், ஒரு மூலையில் நிம்மதியாகப் படுத்திருக்கலாகாதா?" என்று அவர்கள் அன்பு மிகுதியால் மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தாலும் நடந்திரா. எங்கே போவதென்று தீர்மானித்தவர் சிவா. போகும்படி செய்தவர்கள் அவர்கள். உங்கள் தொழிலின் இலட்சணம் முழுவதும் இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றி 2007-இல் நம் தேசம் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையை அனுசரித்து இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது என்பதைப் பலரும் அறிவார்கள். அதன் ஐந்தாம் பிரிவை அறிந்தவர்கள் குறைவு. சமூகத்தின் நடுவே வாழும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டென்றும், இன்ன இடத்தில்தான் இருந்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தம் இல்லாதபடி அரசு முயல வேண்டுமென்றும், அப்படி வாழ்வதற்கு வேண்டிய உதவி வீட்டுக்குள்ளேயே கிடைக்க வழி செய்ய வேண்டுமென்றும் அந்தப் பிரிவு கூறுகிறது. அந்த உதவி காகிதத்திலிருந்து இறங்கிப் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஒரு வீட்டு வாசலுக்கு வருமானால், அது உங்களுடைய உருவத்தில்தான் வரும்.

அந்த வீட்டுக்குள் நீங்கள் காணப்போவது என்ன? தாயும் தகப்பனும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கூலி வேலைக்குப் போயிருக்க, மூளை முடக்குவாதம் கண்ட பேரக்குழந்தையைப் பாட்டி ஒருத்தி வளர்த்துக்கொண்டிருக்கலாம். அவளுடைய பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கேழ்வரகுக் கூழை வாயில் ஊற்றுகிறாளே, அந்தப் பரம்பரைப் பழக்கத்தால் கூழ் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, இருமலும் சளியும் காய்ச்சலும் மாதந்தோறும் வந்துகொண்டிருப்பதை அவள் அறியமாட்டாள். நீங்கள் அறிவீர்கள். இடுப்புக்கு அணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்கும்படி தலையைத் தாங்கி, நீங்களும் குழந்தையின் கண்மட்டத்துக்கு எதிரே அமர்ந்து, நாக்கில் நின்று மெல்ல உள்ளே செல்லும் அளவுக்குக் கெட்டியான கூழை அரைக் கரண்டி கொடுத்து, தொண்டை அசைந்து விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பின்பே அடுத்த அரைக் கரண்டியை எடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் தீர முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். நடுவில் அந்தக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளுமானால், பேச்சு வராத அந்த ஜீவன் "போதும்" என்று சொல்லிவிட்டது என்று பொருள். அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறவனே தேர்ந்த உதவியாளன். வயிறு நிறைந்தால் சரி என்று அதன் பிறகும் இரண்டு வாய் திணிப்பவன் நல்ல மனம் உடையவனாக இருக்கலாம், ஆனால் பயிற்சி இன்னும் முடியாதவன்.

இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு துயரமும் உண்டு. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வந்த ஃபுளோரைடு, பல தலைமுறைகளின் பற்களைக் கறையாக்கியதோடு நில்லாமல், எலும்பில் ஏறி முதுகையும் முழங்காலையும் கட்டையாக்கிவிட்டது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயற்பட்டுக் காவிரி நீர் வந்தது பெரும் பாக்கியம். என்றாலும், அதற்கு முன்பே இறுகிப்போன முதுகை எந்த நீரும் நிமிர்த்தாது. கழுத்தைத் திருப்ப முடியாத, குந்தி உட்கார முடியாத அத்தகைய முதியவர்களிடம் நீங்கள் போவீர்கள். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவதும், கழிப்பறையில் நாற்காலி போடுவதும், சுவரில் ஒரு பிடிகம்பி பதிப்பதும் அற்பக் காரியங்களாகத் தோன்றலாம். பிறர் தூக்கிவிடாமல் தாமே எழுந்து, தாமே கதவைச் சாத்திக்கொள்ளும் ஒருவர் பெறுகிற கௌரவத்தைக் கண்டவன் அவற்றை அற்பமென்று சொல்லமாட்டான்.

"இவ்வளவு நுட்பமான வேலையை ஏழெட்டு வகுப்புப் படித்த கிராமத்துப் பெண்கள் செய்துவிடுவார்களா?" என்று நகரத்தில் படித்தவர்கள் சந்தேகிப்பதுண்டு. அதற்கு விடை வேறு தேசத்தில் தேட வேண்டியதில்லை, நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு 1993-இல் வந்து, ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கிய ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதிகள், பட்டணத்திலிருந்து தாதியரை வருவிக்க முடியாத நிலையில், மலைவாழ் மக்களின் பெண்களையே தேர்ந்து பொறுமையாகக் கற்பித்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவம் பார்க்கவும், சத்திரசிகிச்சை அறையில் உடன் நிற்கவும் வல்லவர்களானார்கள். தம் ஊர்ப் பாஷையில், தம் உறவு முறை சொல்லி அழைத்துப் பேசுகிறவளிடம் மக்கள் மறைக்காமல் மனம் திறக்கிறார்கள் என்பது அங்கே கிடைத்த இலாபம். இதே நம்பிக்கையில்தான் உலக சுகாதார நிறுவனமும், இலங்கையைச் சேர்ந்த இயன்முறைச் சிகிச்சை நிபுணர் பத்மானி மெண்டிஸ் உள்ளிட்டோரைக் கொண்டு, குடும்பத்தாரும் ஊராருமே மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியளிக்கும் முறையை விளக்கும் கைநூல்களை 1989-இல் வெளியிட்டது. தெற்கே ஆய்க்குடியில், கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-இல் முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமங்களுக்குப் போகும் மறுவாழ்வுப் பணியாளர்களைத் தயாரிக்கிறது. அங்கே உதவி பெறுகிறவரே ஸ்தாபகராகவும் இருக்கிறார். அதை நான் மிகவும் மதிக்கிறேன். உங்களுக்கும் உண்மையான ஆசான் நீங்கள் உதவப்போகும் மனிதரே. எந்தக் கையால் தூக்கினால் வலிக்கும், எந்த நேரத்தில் குளிக்கப் பிடிக்கும் என்பதை அவரைக் காட்டிலும் அறிந்தவர் யார்? வீட்டுக்குள் நுழைந்தவுடன் அண்ணனையோ மருமகளையோ பார்த்து "இவர் சாப்பிட்டாரா?" என்று கேளாதீர்கள், கட்டிலில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, "சாப்பிட்டீர்களா?" என்று அவரையே கேளுங்கள்.

மேடையிலும் முன்வரிசையிலும் அமர்ந்திருக்கும் அதிகாரிகளுக்கும் தனவந்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. உலக வங்கியின் உதவியோடு நடக்கும் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களும் அமைகின்றன. மெச்சத்தக்க காரியங்களே. ஆனால் அந்த இரண்டாயிரத்தில் மருந்தும் துணியும் வாங்கிய பிறகு, உதவிக்கு ஆள் அமர்த்த எந்தக் குடும்பத்தாலும் முடியாது. ஆகையால் இந்த இளைஞர்களின் ஊதியம் பொதுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். "இது புண்ணிய காரியம் அல்லவா, சம்பளம் எதற்கு?" என்று கேட்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும், புண்ணியத்தைக் கூலியாகப் பெற்றவர்கள் இரண்டு வருஷத்தில் தையல் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், வீட்டில் இருப்பவர் மறுபடியும் மூலைக்குப் போகிறார். மாதம் பிறந்தால் தவறாத சம்பளம், மலைக் கிராமங்களுக்குப் போய்வரும் வழிச்செலவு, ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு நோகிறவர்களுக்கு வைத்தியம், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் கேட்பதற்கு அனுபவமுள்ள ஒரு மூத்தவர், வருஷத்துக்கு ஒரு முறை மறுபயிற்சி. இவ்வளவையும் எழுத்து மூலமாகவே கேட்டு, விண்ணப்பத்தை அவைத் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். இனி, பெயர் அழைக்கப்பட்டதும் ஒவ்வொருவராக வந்து சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுமாறு உங்களை அழைக்கிறேன்.