ஆளைப் பார்க்காதே, அசைவைப் பார்!

"கேமரா நம்ம அசைவையெல்லாம் படிக்குது, நாடே ஜெயிலாயிடும்"னு எதிரணி அம்மா ஒரு போடு போட்டாங்க. கைதட்டலும் அள்ளிட்டாங்க. அந்தக் கைதட்டல்லயே ஆரம்பிக்கிறேன். ஸ்வீடன் நாட்டு கே.டி.எச். ஆய்வாளர்கள் 2004-ல கம்ப்யூட்டருக்குப் பாடமா வச்ச ஆறு அசைவுல கைதட்டுறதும் ஒண்ணுங்க! நடக்கிறது, மெல்ல ஓடுறது, வேகமா ஓடுறது, குத்துச்சண்டை, கையாட்டுறது, கைதட்டுறது. 25 பேரைச் செய்யச் சொல்லிப் படம் பிடிச்சாங்க. யாரு எவருங்கிறது பாடத்துலயே இல்ல. உடம்பு எப்படி அசையுதுங்கிறதுதான் பாடம்.

எங்க கட்சி அதுதான்யா. ஆள் வேற, அசைவு வேற!

லண்டன் பாதாள ரயில்ல வில்ஸ்டன் கிரீன்னு ஒரு ஸ்டேஷன். 2022 அக்டோபர்ல இருந்து 2023 செப்டம்பர் வரைக்கும், கேமரா படத்துல அசைவைப் படிக்கிற மென்பொருளை அங்க சோதிச்சுப் பார்த்தாங்க. 44,000 எச்சரிக்கை. அதுல 19,000 உடனுக்குடனே ஊழியர்களுக்குப் போச்சு. பதினாறு கட்டமாப் பிரிச்ச திரையை ராத்திரி மூணு மணிக்கு வெறிச்சுப் பார்க்கிற ஒரு காவலாளியால இது ஆகுற காரியமா?

தப்பு பண்ணுச்சா? பண்ணுச்சு! அப்பா பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்த பிள்ளையை டிக்கெட் எடுக்காத ஆளுன்னுச்சு. மடக்கு சைக்கிளுக்கும் சாதா சைக்கிளுக்கும் வித்தியாசம் தெரியாம முழிச்சுச்சு. அப்புறம், கேட்டை விடக் குள்ளமா இருந்தா குழந்தைன்னு திருத்தினாங்களாம். (என் உயரத்துக்கு நானே ஓசியில போயிட்டு வரலாம்னு நினைக்கிறேன்.)

அம்மா சொல்லாம விட்டதையும் நானே சொல்லிடுறேன். முதல்ல எல்லார் முகத்தையும் மங்கலாக்கித்தான் வச்சிருந்தாங்க. ஆறு மாசம் கழிச்சு, டிக்கெட் இல்லைன்னு சந்தேகப்பட்டவங்க முகத்தை மட்டும் தெளிவாக்கினாங்க. எனக்கும் அது பிடிக்கலங்க. ஆனா அந்த முடிவை எடுத்தது மெஷினா? மனுஷன்! கோபத்தை அங்க காட்டுங்க.

அப்படிப்பட்ட முடிவுக்குப் பூட்டும் போடலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்காக பிரான்ஸ் 2023-லயே சட்டம் போட்டுச்சு. விட்டுட்டுப் போன பை, தீ, கீழே விழுந்த ஆள், கூட்ட நெரிசல்னு இப்படிப்பட்ட எட்டு விஷயத்தை மட்டும் பார்க்கலாம்; முகத்தை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கவே கூடாதுன்னு அந்தச் சட்டம் சொல்லுச்சு. அங்க வச்ச மென்பொருள், தடை போட்ட இடத்துல ஆள் நுழைஞ்சதை நல்லாவே சொல்லுச்சு. பை விஷயத்துல கோட்டை விட்டுச்சு. தேறினதை வச்சுக்குவோம், தேறாததைக் கழட்டுவோம்.

அம்மாவுக்கு ஒரே கேள்வி. நடுராத்திரி, ஆளில்லாத பிளாட்பாரம், ஒருத்தர் மயங்கித் தண்டவாளத்துல விழுந்துட்டார். அந்தக் கேமராவைக் கழட்டச் சொல்லுவீங்களா?