பிரிந்த பெற்றோரும் வீட்டு வாசலும்

(சிட்னித் தமிழ்ப் பெற்றோருக்கான தகவல் மாலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கணவன் மனைவி என்ற உறவு முடிவுற்றாலும் தாய் தந்தை என்ற உறவு முடிவதில்லை. பிள்ளையை அழைத்துச் செல்லவும் திரும்பக் கொண்டுவந்து விடவும் ஒருவர் வாசலுக்கு மற்றவர் பல ஆண்டுகள் வர வேண்டியிருக்கிறது. அந்த வாசலில் எங்கே நிற்பது என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பெற்றோர் பிரிந்து ஓராண்டு ஆகிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மகளை அழைத்துச் செல்லத் தந்தை வருகிறார். தொடக்கத்தில் வாசலில் நின்றவர், பின்னர் கூடத்தில் அமர்ந்து தேநீர் அருந்துகிறார். சில வாரங்களில் மேசைமேல் கிடக்கும் கடிதங்களைப் புரட்டுகிறார், "நேற்று இங்கே யார் வந்தது?" என்று வினவுகிறார். வீட்டின் பழைய திறப்பு இன்னும் அவரிடமே இருக்கிறது. தாய் வருந்திச் சொன்னால், "பிள்ளைக்காகத்தானே வருகிறார், பொறுத்துக்கொள்" என்கின்றனர் உறவினர். இந்நிலை மாறியும் அமைவதுண்டு. தந்தை தனியே வாழும் வாடகை வீட்டுக்குள் தாய் நுழைந்து, சமையலறையையும் அலுமாரியையும் சோதிக்கும் வீடுகளும் உள்ளன.

பொறுத்துக்கொள்வது பிள்ளைக்கு நன்மை என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தந்தை கூடத்தில் அமரும்போதெல்லாம், "இன்று இங்கேயே தங்கிவிடுவார்" என்று சிறு பிள்ளை எதிர்பார்க்கக்கூடும். அவர் எழுந்து போகும்போது பிரிவுத் துயரம் மீண்டும் தொடங்குகிறது. பெரியவர்களின் குரல் உயர்ந்துவிட்டாலோ, வெள்ளிக்கிழமை வருவதையே பிள்ளை அஞ்சத் தொடங்கும்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகக் கொள்ள வேண்டும். பிள்ளைமீதுள்ள பொறுப்பு, முன்னாள் துணைவரின் வீட்டின்மீது உரிமையைத் தருவதில்லை. அதுபோலவே, "வீட்டுக்குள் வர வேண்டாம்" என்பது வேறு. "பிள்ளையைப் பார்க்க வேண்டாம்" என்பது வேறு. முதலாவது எல்லை. இரண்டாவதைக் கோபத்தில் தண்டனையாகப் பயன்படுத்தினால், அடிபடுவது பிள்ளையே.

எல்லையை எவ்வாறு அமைப்பது? இயன்றவரை பாடசாலை வழியாகவே பிள்ளையை ஒப்படைக்கலாம். காலையில் ஒருவர் கொண்டுபோய் விட, மாலையில் மற்றவர் அழைத்துச் சென்றால், இருவரும் சந்திக்க வேண்டிய தேவையே எழாது. விடுமுறைக் காலத்தில் நூலகம், பூங்கா போன்ற பொது இடங்கள் உதவும். வீட்டில்தான் ஒப்படைக்க வேண்டுமெனில், பையும் மருந்தும் வீட்டுப்பாடப் புத்தகமும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கட்டும், வாசலிலேயே விடைபெறலாம். திறப்பைத் திரும்பக் கேட்பதில் தவறில்லை. தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் ஆகியவை எவரிடம் என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே நாளிட்டு எழுதிக்கொண்டால், பண்டிகை நாளில் வாசலில் வழக்காட வேண்டியிராது.

இதைச் சொல்லும் இடமும் முக்கியம். பிள்ளையின் முன்னிலையில், வாசலில் நின்றவாறு சொல்லலாகாது. குற்றச்சாட்டு எதுவுமின்றி எழுத்தில் அனுப்புவது நன்று: "வரும் வெள்ளிக்கிழமை முதல் மகளை வாசலில் ஒப்படைக்கிறேன். அவளைப் பற்றிப் பேச வேண்டியவற்றைக் குறுஞ்செய்தியில் எழுதுங்கள். அவளுக்குச் சுகமில்லை என்றால் எந்நேரமும் அழைக்கலாம்." முதற் சில வாரங்கள் மறுப்பு வரலாம். வாதம் செய்யாமல் அதே சொற்களையே அமைதியாகத் திரும்பச் சொன்னால் போதும். "அப்பா ஏன் உள்ளே வருவதில்லை?" என்று பிள்ளை கேட்டால், "அப்பாவுக்கு ஒரு வீடு, அம்மாவுக்கு ஒரு வீடு, இரண்டும் உன் வீடுதான்" என்று விடை கூறலாம். பிள்ளையைத் தூது அனுப்புவதும், மற்ற வீட்டில் நடப்பதை அதனிடம் துருவிக் கேட்பதும் கூடாது.

இனிச் சட்டம். 1975ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியக் குடும்பச் சட்டம் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்கிறது. ஒப்படைக்கும் இடம், நேரம், தொலைபேசி அழைப்பு ஆகியவற்றைப் பெற்றோர் திட்டமாக எழுதி, இருவரும் கையொப்பமிட்டு நாளிடலாம். அதனை நீதிமன்றம் கட்டாயப்படுத்தி நிறைவேற்றாது. எனினும் பின்னர் வழக்கு வந்தால் கருத்திற்கொள்ளும். இருவரும் இணங்கியதை நீதிமன்ற ஆணையாகப் பெற்றால், அது இருவரையும் கட்டுப்படுத்தும். உடன்பாடு எட்டாவிடின், நீதிமன்றத்தை நாடுமுன் பொதுவாகக் குடும்பப் பிணக்குத் தீர்வு நடுவரிடம் செல்ல வேண்டும். வன்முறை இருப்பின் இதற்கு விலக்கு உண்டு. வீடோ வாடகை ஒப்பந்தமோ இருவர் பெயரிலும் இருந்தால், பூட்டை மாற்றுமுன் சட்ட ஆலோசனை பெறுவது இன்றியமையாதது.

இதுவரை கூறியவை அச்சம் இல்லாத குடும்பங்களுக்கு. அச்சுறுத்தல், பின்தொடர்தல், அடி உதை என்பன இருக்கும் இடத்தில் எல்லையைப் பேசித் தீர்க்க முயல்வது ஆபத்தாகலாம். நியூ சவுத் வேல்ஸில், தற்போதைய அல்லது முன்னாள் துணைவரைத் தொடர்ந்து வற்புறுத்தியும் கட்டுப்படுத்தியும் வதைக்கும் நடத்தை 2024 ஜூலை 1 முதல் குற்றமாகும். பாதுகாப்பு ஆணை கோரிக் காவல்துறையை நாடலாம். குடும்ப மானம் கருதி மௌனம் காப்பது பிள்ளையைப் பாதுகாக்காது.

உதவிக்கு:

உடனடி ஆபத்து: 000

குடும்ப வன்முறை ஆலோசனை (24 மணி நேரமும்): 1800 737 732

குடும்ப உறவுகள் ஆலோசனைத் தொலைபேசி: 1800 050 321

தமிழில் பேச, 131 450 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கூறித் தேவையான சேவையுடன் இணைக்குமாறு கேட்கலாம். இத்தகைய பேச்சுகளுக்குப் பிள்ளையையோ உறவினரையோ மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம்.

உறவு முறிந்த பின்னும் பிள்ளை இரண்டு வாசல்களைக் கடந்து வளர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் அது அச்சமின்றி நுழையவும், மற்றவரை நேசிப்பதை மறைக்காமல் வாழவும் இயல வேண்டும். வீட்டுக்கு எல்லை வகுப்பதன் பயன் அதுவே.