முதுமையைப் படிக்கப் போகும் பிள்ளைகள்

முதியோர் பராமரிப்பைப் படிக்க நாடு விட்டு நாடு போகும் மாணவர்கள் காண வேண்டியவற்றுள் முதன்மையானது ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே வீஸ்பில் 2009இல் திறந்த ஹோகவேக். முற்றிய மறதிநோய் உள்ளவர்களுக்கென்றே எழுந்த குடியிருப்பு அது. ஆறேழு பேருக்கு ஒரு வீடு. வெளியே தெரு, கடை, உணவகம், நாடக அரங்கு. பணியாளர்கள் சீருடை அணிவதில்லை. நினைவு போனாலும் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கும் உரிமை போகக் கூடாது என்பதே அங்கு படிக்கக் கிடைக்கும் பாடம்.

அதே நெதர்லாந்தின் டேவென்டரில், ஹியூமானிடாஸ் என்ற முதியோர் இல்லத்துக்கு 2012இல் ஒரு மாணவர் வந்தார். இரைச்சல் மிகுந்த விடுதியில் இருக்க முடியாமல் அறை கேட்டு வந்தவர். இல்லத் தலைவர் கேயா சைப்கெஸ் இடம் கொடுத்தார். வாடகை கிடையாது, மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருந்தால் போதும். சேர்ந்து சாப்பிடலாம், கணினி சொல்லித் தரலாம், பேச்சுத்துணையாக உட்காரலாம். மருத்துவப் பணி பணியாளர்களுடையது. பின்னால் மேலும் சில மாணவர்கள் குடிவந்தார்கள். அறை தேடி வந்த அந்த ஒருவர் திறந்த வழி அது! அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஜட்சன் மேனர் இல்லத்தில் இசை மாணவர்கள் வாடகைக்கு ஈடாகக் கச்சேரி செய்கிறார்கள்.

ஜப்பானில் 2000 முதல் பராமரிப்புக் காப்பீடு உண்டு. 40 வயதானதும் சந்தா தொடங்கும். 65க்கு மேல் தேவையை அளந்து சேவை கிடைக்கும். பெரும்பாலோர் செலவில் பத்தில் ஒரு பங்கே கட்டுகிறார்கள். போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் கைகள் போதவில்லை. 2017இல் பராமரிப்புப் பணிக்கென்றே தனி விசா வந்தது. வியட்நாம், நேபாளப் பிள்ளைகள் பயிற்சிப் பள்ளிகளில் சேர்கிறார்கள். படிக்கும்போதே வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். படிப்புக் கடன் வாங்கியவர் ஐந்தாண்டு அங்கேயே இத்துறையில் உழைத்தால் தள்ளுபடி. பாட்டி தாத்தாவோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். அந்த அனுபவத்தைக் கேட்டு வாங்கும் பாடவேளை எங்கே? டேவென்டரில் ஒரு மாணவர் சொன்னதற்குக் காது கொடுத்தார்கள். கடல் கடந்து வருகிறவர்களுக்கும் அந்தக் காது வேண்டும். ஒரு பக்கமே கொடுத்து மறுபக்கமே எடுப்பது ஆள்சேர்ப்பு.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் படுத்த படுக்கையானவர்களின் வீடு தேடிப் போகிறது. செவிலியரோடு அக்கம்பக்கத்துத் தொண்டர்களும், கல்லூரி மாணவர்களும் போகிறார்கள். 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. பணக்கார நாடுகளிலிருந்தும் மருத்துவர்களும் மாணவர்களும் இதைக் கற்க அங்கே வருகிறார்கள்.