நாள் தள்ளிப் போனால் என்ன செய்வது?

காட்டுப்பள்ளி வட்டாரத் தம்பதிகளுக்கான உரை



கணவன்மார்களும் வந்து உட்கார்ந்திருப்பது மிகவும் நல்லது. "இது பொம்பளைங்க சமாச்சாரம், நமக்கென்ன" என்று யாரும் எழுந்து போய்விடாதீர்கள். இது இருவருக்கும் உரிய விஷயம்.

மாதவிலக்கு தள்ளிப் போனால் நம் ஊரில் இரண்டு விதமாக நடக்கிறது. குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில், "முழுகாம இருக்கா" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். போதும் என்று நினைக்கும் வீட்டில், எள்ளும் கருப்பட்டியும் தின்று பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் மருந்துக் கடையில் "வரவழைக்கிற மாத்திரை" கேட்கிறார்கள். இரண்டுமே அவசரம். கர்ப்பமா, இல்லையா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றதெல்லாம் பிறகுதான்.

நாளைக் கணக்குப் பார்ப்பது எப்படி? ரத்தம் பட்ட முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்த நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம். இரண்டொரு நாள் முன்பின் ஆவது நோயல்ல.

குறித்த நாள் தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டதா? கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பப் பரிசோதனை அட்டை கேளுங்கள். காலையில் முதலில் போகும் சிறுநீரில் பார்க்க வேண்டும். இரண்டு கோடு தெரிந்தால் கர்ப்பம். ஒரு கோடுதான் என்றால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

கர்ப்பம் இல்லை என்றால் வேறு காரணம் இருக்கும். நம் பக்கம் துறைமுகத்திலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலர். ராத்தூக்கம் கெட்டாலும், வேளைக்குச் சாப்பிடாமல் உடம்பு மெலிந்தாலும், மனக்கவலை மிகுந்தாலும் நாள் தள்ளும். உடல் பருத்தல், தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவையும் காரணம். நாற்பத்தைந்து வயதை நெருங்கினால் விலக்கு நிற்கப் போவதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

வேலையிடத்தில் யார் கொடுத்தாலும் பெயரில்லாத மாத்திரையை விழுங்காதீர்கள். தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிலக்கு வலிக்கு அப்படிப்பட்ட மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிப்படுத்தியது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியாலும் விலக்கு நின்று போகலாம். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்று பயப்பட வேண்டாம். அப்படி எதுவும் தங்குவதில்லை. ஊசி போடும் தேதியை மட்டும் தவற விடாதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் கவனியுங்கள். முதல் ஆறு மாதம் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, விலக்கும் வராமல் இருந்தால் கரு தங்குவது அரிது. அதன் பிறகு அந்தப் பாதுகாப்பை நம்பக் கூடாது. விலக்கு திரும்புவதற்கு முன்னாலேயே கரு தங்கிவிடலாம்.

இப்போது சொல்வதை நன்றாக மனதில் வையுங்கள். சில சமயம் கரு கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிடும். கடை மாத்திரை அந்தக் கருவைக் கலைக்காது. ரத்தம் பட்டதும் "சரியாப் போச்சு" என்று இருந்துவிடுவார்கள். உள்ளே குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். நாள் தள்ளிய பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், திட்டுத்திட்டாக ரத்தம் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

குழந்தை வேண்டும் என்றால் உடனே செவிலியரிடம் பதிவு செய்து போலிக் அமில மாத்திரை வாங்குங்கள். வேண்டாம் என்றால் அரசு மருத்துவமனை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தில் அதற்கு வழியுண்டு. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதமே போதும்.

கர்ப்பம் இல்லாமலே மூன்று மாதம் விலக்கு வரவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கணவன்மார்களே, "உன் உடம்புலதான் கோளாறு" என்று மனைவியைக் குறை சொல்லாதீர்கள். பரிசோதனை அட்டையை வாங்கி வருவதும், அரை நாள் கூலி போனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதும் உங்கள் பொறுப்பு.